நாய் கடித்தால் சட்ட உதவியும் இழப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வளர்ப்பு நாயோ தெருநாயோ கடித்துவிட்டால் எங்கே புகார் கொடுப்பது, யாரிடம் பணம் கேட்பது, எந்தக் காகிதத்தை எப்போது வாங்கி வைப்பது என்று விளக்கும் பக்கம் இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின் பிரிவு எண்களே இங்கு உள்ளன. இந்த வழக்குகள் பெரும்பாலும் கோர்ட்டில் தோற்பதில்லை, கடிபட்ட முதல் இரண்டு நாளில் வாங்காமல் விட்ட காகிதத்தில்தான் தோற்கின்றன.

கடித்தவுடன் முதல் வேலை என்ன? ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?

இரண்டுக்கும் முன்னால் தண்ணீர்க் குழாய். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். கட்டுப் போடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாட்கள்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் கடி. தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் ஏற்ற வேண்டும். இது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது; தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதல் ஊசி போட்ட 7 நாளுக்குள் இதைப் போட்டாக வேண்டும். ‘பத்து நாள் நாயைக் கவனித்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம்’ என்று நாய்க்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான், ரேபிஸ் அறிகுறி வருகிறதா என்று நாயைக் கவனிப்பது.

சட்டக் கேள்விக்கு நடுவே ஏன் இந்த மருத்துவப் பாடம் என்றால், ஊசியைப் பாதியில் விட்டவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, “காயம் அவ்வளவு மோசமென்றால் மூன்றாவது ஊசிக்கு ஏன் போகவில்லை?” என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும்? என்ன வாங்க வேண்டும்?

ஓபி சீட்டு எழுதும் இடத்தில் கூட்டம் இருக்கும். ‘நாய் கடி’ என்று நீங்கள் சொன்னால் அவர்கள் பழக்கத்தில் ‘தெருநாய் கடி’ என்றோ ‘அடையாளம் தெரியாத நாய்’ என்றோ எழுதிவிடுவார்கள். வைத்தியத்துக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. இழப்பீட்டு வழக்குக்கு அந்த ஒற்றைச் சொல்லே குழி. ஆறு மாதம் கழித்து நாய்க்காரரின் வக்கீல் அந்தச் சீட்டை நீட்டி, “கடித்தது என் கட்சிக்காரரின் நாயே இல்லை, உங்கள் வாயாலேயே தெருநாய் என்று சொல்லியிருக்கிறீர்கள்” என்பார்.

ஆகவே தெளிவாகச் சொல்லுங்கள்: “இன்ன தெருவில், இன்ன கதவு எண் வீட்டு வளர்ப்பு நாய், இன்று காலை இத்தனை மணிக்கு, வலது கணுக்காலில் கடித்தது.” எழுதியதைப் படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் அப்போதே திருத்தி டாக்டரிடம் கையெழுத்து கேளுங்கள். மறுநாள் போய்த் திருத்துவது கடினம், திருத்தினாலும் சந்தேகத்துக்கு இடம்.

விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். ஏஆர் காப்பி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். காயம் எங்கே, நீளம் ஆழம் எவ்வளவு, யாரால், எப்போது என்று அதில் இருக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பதியத் தயங்குவார்கள். அங்கே முதலுதவி எடுத்திருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனையில் ஒருமுறை பதிந்துகொள்வது நல்லது. ஊசி அட்டை, மருந்துச் சீட்டு, மெடிக்கல் ஷாப் பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வெப்பக் காகிதத்தில் அச்சான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று அக்கம்பக்கத்து முகத்துக்காகச் சொல்லிவிட்டால் அதன்பிறகு வழக்கு என்று ஒன்று இல்லை.

வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

காயத்தைக் கழுவிய பிறகு, கட்டுப் போடும் முன் படம் எடுங்கள். ஒன்று தூரத்திலிருந்து முகமும் காயமும் சேர்ந்து தெரிகிற மாதிரி, ஒன்று பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து. மூன்றாம் நாள், ஏழாம் நாள், தழும்பான பிறகு என மறுபடி எடுங்கள். கிழிந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்.

சிசிடிவி பதிவுதான் அவசரம். பெரும்பாலான ரெக்கார்டர்கள் சில வாரத்துக்குள் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். அடுத்த வீட்டுக்காரரிடமோ கடைக்காரரிடமோ அன்றே கேளுங்கள். கேமரா காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். திரையை மொபைலில் படம் பிடித்தால் போதாது, பென் டிரைவில் மூலக் கோப்பாக வாங்குங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும் மறு பகுதியை நிபுணரும் தர வேண்டும். அதனால் பதிவு கொடுத்தவரின் ஒத்துழைப்பு பின்னாலும் தேவைப்படும்.

அந்த நாய் முன்பே யாரையாவது கடித்திருந்தால் அதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. குடியிருப்போர் சங்க வாட்ஸாப் குழுவில் “உங்கள் நாயைக் கட்டிப் போடுங்கள்” என்று யாரோ எப்போதோ போட்ட செய்தி இருக்கிறதா என்று தேடுங்கள்.

போலீசில் புகாரை எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், இடம், நாயின் நிறம், இனம், யாருடையது என்று எப்படித் தெரியும், சங்கிலியோ வாய்மூடியோ இருந்ததா, அப்போது நாயோடு யார் இருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள் அல்லது செய்யவில்லை, பார்த்தவர்கள் யார், காயம் என்ன. ‘நாய் கடித்தது’ என்பது மட்டும் குற்றமாகாது. ‘சங்கிலி இல்லாமல் கேட்டைத் திறந்து விட்டார், முன்பும் இரண்டு பேரைக் கடித்திருக்கிறது, நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை’ என்பதுதான் அலட்சியத்தைக் காட்டும். கெட்ட வார்த்தை, பழைய வாய்க்கால் வரப்புத் தகராறு, வாடகைப் பாக்கி இதெல்லாம் புகாரில் வேண்டாம். முன்விரோதப் புகார் என்று ஒதுக்க அதுவே சாக்காகும்.

கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். அது எஃப்ஐஆர் அல்ல, புகார் வந்ததற்கான சான்று மட்டும். எஃப்ஐஆர் பதிந்தால் நகல் இலவசமாகத் தரவேண்டும். மின்னணு முறையில் அனுப்பிய புகார் என்றால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

“நாய் கடிக்கெல்லாம் கேஸா?” என்று திருப்பி அனுப்பினால்?

புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, சென்னை போன்ற மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு, தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீடு போஸ்டிலேயே ஒப்புகையோடு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)இன்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். தபால் அனுப்பிய படியைத் தாண்டிக் குதித்து நேராகக் கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பிவிடும்.

நாய் உரிமையாளருக்கு என்ன தண்டனை?

பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 291ஆம் பிரிவு: தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து வராமல் தடுக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய ஐபிசி 289இல் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. காயம் ஏற்பட்டால் 125(அ), கொடுங்காயம் என்றால் 125(ஆ) சேரும். பின்னதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். முகத்தில் நிரந்தர வடு, எலும்பு முறிவு, 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாத நிலை இவையெல்லாம் கொடுங்காயத்தில் வரும். ஆகவே ‘15 நாள் ஓய்வு’ என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது வெறும் லீவு லெட்டருக்கு மட்டுமல்ல. உயிர் போனால் 106ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய சம்பவத்தில் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். வழக்கு பதிவது அபூர்வம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: 6 மாதத் தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது மாஜிஸ்திரேட்டிடம் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். ஸ்டேஷனில் புகார் தூங்கிக்கொண்டிருந்தால் எட்டாவது மாதமே வக்கீலைப் பாருங்கள்.

கிரிமினல் வழக்கிலேயே இழப்பீடு கிடைத்துவிடாதா?

கிடைக்கலாம், நம்பி உட்கார முடியாது. தண்டனை கொடுக்கும்போது பிஎன்எஸ்எஸ் 395இன்படி அபராதத்திலிருந்தோ தனியாகவோ இழப்பீடு தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போவது வழக்கம். அதிலும் ஒரு லாபம் இருக்கிறது: அந்த ஒப்புதல் சிவில் வழக்கில் உங்களுக்குக் கைகொடுக்கும். பணத்துக்கான பாதை சிவில் பக்கம்தான்.

சிவில் வழக்கில் எதை நிரூபிக்க வேண்டும்?

நாய் அவருடையது அல்லது அவர் பொறுப்பில் இருந்தது. அது கடிக்கக்கூடியது என்று அவருக்குத் தெரியும், அல்லது சாதாரண எச்சரிக்கைகூட அவர் எடுக்கவில்லை. அதனால் உங்களுக்கு இன்ன நஷ்டம். மூன்றும் வேண்டும். ‘சும்மா இருந்த நாயை நீங்கள்தான் சீண்டினீர்கள்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதற்கும் சாட்சி தயாராக இருக்கட்டும்.

‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை மாட்டிவிட்டால் தப்பித்தோம் என்று நாய் வளர்ப்பவர்கள் நம்புகிறார்கள். சுவர் ஏறிக் குதித்தவனிடம் அது எடுபடலாம். தபால்காரர், சிலிண்டர் போடுபவர், கேட்டுக்கு வெளியே நடந்துபோனவர் விஷயத்தில் அந்தப் பலகை அவருக்கு எதிரான சாட்சி: நாய் ஆபத்தானது என்று தெரிந்துதானே மாட்டினார்?

கடித்த இடமோ உரிமையாளர் குடியிருக்கும் இடமோ எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கே வழக்கு. கெடு 3 ஆண்டு. நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். கட்ட வழியில்லை என்றால் வறியவர் மனுவாகத் தாக்கல் செய்யலாம். முடிய வருடக்கணக்கில் ஆகும். இதை மறைத்து நம்பிக்கை கொடுக்கும் வக்கீலிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

எவ்வளவு கேட்கலாம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயிண்டர் ஒருவர், நாள் கூலி 900 ரூபாய், 20 நாள் வேலையில்லை: 18,000. தனியார் ஆஸ்பத்திரி, மருந்து: 14,500. ஊசிக்குப் போய்வர ஆட்டோ 5 தடவை, தலா 300: 1,500. கூட இருந்த மனைவிக்கு 10 நாள் கூலி போனது, தலா 500: 5,000. கிழிந்த உடை: 800. மொத்தம் 39,800 ரூபாய். இது ரசீது காட்டி வாங்கும் பகுதி. கூலிக்கு ரசீது இல்லையே என்றால் மேஸ்திரியின் கடிதம், ஜிபே வரவு, பாங்க் பாஸ்புக் உதவும்.

இதற்கு மேல் வலி, தழும்பு, பயம், நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்குத் தனித் தொகை. இதற்கு நிலையான அட்டவணை கிடையாது. ஊனம் இருந்தால் மருத்துவக் குழுவின் சதவீதச் சான்று வாங்குங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்புகளில் அதே அளவு ஊனத்துக்குக் கொடுத்ததை வக்கீல் ஒப்பிட்டுக் காட்டுவார். கிழிந்த சட்டைக்கு 5 லட்சம் கேட்டால் உண்மையான 39,800இன் மேலும் நீதிபதிக்குச் சந்தேகம் வரும்.

ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய் என்று படித்தேனே?

அது பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000, சதை பிய்ந்த ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000. மாவட்ட அளவில் குழு அமைத்து 4 மாதத்துக்குள் முடிவு செய்யச் சொன்னார்கள். பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்குத்தான் அது கட்டுப்படும். இங்கே உங்கள் வக்கீல் மேற்கோள் காட்டலாம், நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அந்தச் செய்தியை நீட்டி மாநகராட்சி அலுவலகத்தில் காசோலை கேட்க முடியாது.

கடித்தது தெருநாய். யார் பொறுப்பு?

உள்ளாட்சி அமைப்பு. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியின் கடமை. பிடித்த நாயைச் சிகிச்சைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடுவது பொது விதி. ஆனால் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும், திரும்ப அங்கேயே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குள் கடிபட்டவரின் கோரிக்கை இதனால் நடுத்தெருவில் கடிபட்டவருடையதைவிட வலுவானது.

ஒரு கடியைக் காட்டி மட்டும் ஜெயிக்க முடியாது; ‘தெரிந்தும் செய்யவில்லை’ என்று காட்ட வேண்டும். அதற்குத் தகவல் உரிமைச் சட்டம் அருமையான கருவி. 10 ரூபாய் கட்டணத்தில் மனு, 30 நாளில் பதில். கேட்க வேண்டியவை: இந்த வார்டிலிருந்து கடந்த 2 ஆண்டில் வந்த நாய்ப் புகார்கள் எத்தனை, தேதிவாரியாக, ஒவ்வொன்றுக்கும் எடுத்த நடவடிக்கை, இந்தத் தெருவில் கருத்தடை, தடுப்பூசி போட்ட நாய்கள் எத்தனை, எப்போது. ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். எண்ணும் நகலும் கேளுங்கள்.

சென்னையில் 1913, மற்ற ஊர்களில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகம், எங்கிருந்தும் முதல்வரின் உதவி எண் 1100. புகார் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு ஆணையருக்கு இழப்பீடு கேட்டு எழுத்து மூலம் மனு. பதில் இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவில் ரிட் மனு (அரசு அமைப்புக்கு நேரடியாக உத்தரவிடக் கேட்கும் மனு). உண்மைகளில் தகராறு இல்லை, அலட்சியம் பளிச்சென்று தெரிகிறது என்றால்தான் ரிட்டில் பணம் வரும். இல்லாவிட்டால் ‘சிவில் கோர்ட்டுக்குப் போ’ என்பார்கள். அரசையும் சேர்த்துச் சிவில் வழக்கு போடுவதானால் முன்னதாக 2 மாத அறிவிப்பு கட்டாயம். அரசு அமைப்புகள் மீதான சில வழக்குகளுக்குக் கெடு ஓராண்டுதான் என்ற வாதம் எழும் என்பதால், மூன்று வருடம் இருக்கிறதே என்று இங்கே சாவகாசமாக இருக்காதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

வழக்கே போடாமல் அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் மனுவில் லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) கேட்கலாம். கட்டணம் இல்லை. எதிராளிக்கு நோட்டீஸ் போகும். வந்து ஒத்துக்கொண்டால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. 30,000, 40,000 ரூபாய் விவகாரத்துக்கு இதுதான் சிறந்த வழி என்பது எங்கள் கருத்து. நீதிமன்ற நோட்டீஸ் கைக்கு வந்தவுடன் மனம் மாறும் நாய்க்காரர்கள் நிறைய. வராமலே இருந்துவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது, அப்போது சிவில் வழக்குதான்.

“ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கிறேன், விட்டுடுங்க” என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

தாராளமாக. பக்கத்து வீட்டுக்காரரோடு ஆயுசுக்கும் கோர்ட் ஏற வேண்டியதில்லை. ஆனால் வெற்றுத்தாளிலோ ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி உள்ள தாளிலோ கையெழுத்து வேண்டாம். 28ஆம் நாள் ஊசி முடிந்து, காயம் ஆறி, செலவு தெரிந்த பிறகு முழு ஒப்பந்தம். அதுவரை தருவதை ‘இடைக்காலச் செலவுக்கு’ என்று எழுதி பாங்க் மூலம் வாங்குங்கள். நாயின் தடுப்பூசி அட்டை நகலையும் கேளுங்கள். 10 நாள் நாயை வேறு ஊருக்கு அனுப்பாமல் கண்முன்னே வைத்திருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் சேருங்கள். பணம் வாங்கியதால் மட்டும் பதிவான எஃப்ஐஆர் தானாக முடிந்துவிடாது.

கடிபட்டது குழந்தை.

பெற்றோர் குழந்தையின் சார்பில் வழக்கு போடலாம். 18 வயது ஆன பிறகும் அந்தப் பிள்ளைக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் சாட்சிகள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். வழக்கு நடக்கும்போது சமரசம் என்றால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் செல்லாது.

நாய்க்கு உரிமம் இல்லை என்றால்?

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். 2025 இறுதியிலிருந்து உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். அந்த அபராதம் மாநகராட்சிக்குத்தான் போகும், உங்களுக்கு இல்லை. உங்களுக்குப் பயன் வேறு: உரிமம் இருந்தால் நாய் யாருடையது என்ற வாதம் அங்கேயே முடிந்தது, இல்லையென்றால் அலட்சியத்துக்கு இன்னொரு சான்று.

நாய் குறுக்கே பாய்ந்து பைக்கிலிருந்து விழுந்தேன்.

வளர்ப்பு நாய் என்றால் மேலே சொன்ன அதே வழி. பைக் இன்சூரன்சில் ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். சிராய்ப்புக்கும் சாதாரண எலும்பு முறிவுக்கும் வராது.

வேலை நேரத்தில், டெலிவரிக்குப் போன வீட்டில் கடித்தது.

சம்பளத் தொழிலாளி என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அல்லது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2025 நவம்பர் வரை இதற்கு 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது) வழியாக முதலாளி தரப்பில் கேட்கலாம். அன்றே மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆப் மூலம் ஓட்டுபவர்கள் ஆப்பிலுள்ள விபத்துக் காப்பீட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். ஆர்டர் எண்ணும் நேரமும் உள்ள திரையைப் படம் எடுத்து வையுங்கள், ‘லாகின்’ நேரத்தில் நடந்தது என்று காட்ட அதுதான் ஆதாரம். எது கிடைத்தாலும் நாய்க்காரரின் பொறுப்பு அப்படியே நிற்கும்.

கோபத்தில் நாயை அடித்துக் கொன்றுவிட்டால்?

நீங்கள் குற்றவாளி ஆவீர்கள். விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் பிஎன்எஸ் 325இன்படி 5 ஆண்டு வரை சிறை. பாய்ந்து கடிக்கும் நேரத்தில் தற்காத்துக்கொள்வது வேறு, மறுநாள் தேடிப்போய் அடிப்பது வேறு. மேலும் செத்த நாயை 10 நாள் கவனிக்க முடியாது.

குரங்கு, காட்டுப்பன்றி கடித்தால்? ஆட்டை நாய்கள் கடித்துப் போட்டுவிட்டால்?

காட்டு விலங்கு என்றால் வனச்சரக அலுவலகத்தில் மனு. ஏஆர் காப்பியும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கேட்பார்கள். ஆடு, கோழி விஷயத்தில் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்து உடற்கூறு ஆய்வுச் சான்று வாங்கிவிடுங்கள். செத்த ஆடு கிடக்கும் இடத்தோடு, காதிலுள்ள அடையாள வில்லை தெரியும்படி படம் எடுத்து, வருவாய்த் துறையிலும் உள்ளாட்சியிலும் ஒரே நாளில் மனு கொடுங்கள்.